நர்சம்மா ஊற்றிய தண்ணீர்

என் மகள் மரியா ஞானஸ்நானம் பெற்று இறந்தாளா, பெறாமல் இறந்தாளா? எட்டு வருடங்களாகப் பெற்றுத்தான் இறந்தாள் என்று நம்பியிருந்தேன். போன வருடத்திலிருந்து தெரியவில்லை. புதூர்நாட்டிலிருந்து திருப்பத்தூருக்கு இறங்கும் மலைப்பாதையில், ஓடுகிற ஜீப்புக்குள் நடந்த விஷயம் அது. பதில் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரிடமே நேரில் கேட்டேன். அவரிடமிருந்து பதில் வரவே வராது என்பதுதான் அன்றைக்குத் தெரிந்தது. ஏன் வராது என்று விளங்க வேண்டுமானால் அந்த அம்மாள் எப்படிப்பட்டவர் என்று நான் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். மலையில் எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கோபத்தில் மறைத்துவிட்டாய் என்று என் மனமே நாளைக்கு என்னைக் குத்தும். நான் இன்று உயிரோடு இருப்பது அவரால். மார்த்தா உயிரோடு இருப்பதும் அவரால். குட்டையான உருவம், புடவைக்குக் கீழே கான்வாஸ் ஷூ, தோளில் தடுப்பூசிப் பெட்டி. ஜீப் போகாத ஊர்களுக்கெல்லாம் நடந்தே போவார். பெட்டியிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு மருந்துக் குப்பியையும் கண்ணுக்கு நேரே தூக்கி, தேதி பார்த்து, அதன்மேல் இருக்கும் சின்னச் சதுரம் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, பிறகு இன்னொரு தடவை பார்ப்பார். சந்தேகம் வந்தால் அந்தக் குப்பியைத் தொடமாட்டார். "மருந்துல மட்டும் சும்மாவாச்சும்னு ஒண்ணு கெடையாதும்மா டீச்சரு" என்பார்.

சாமி விஷயத்தில் எல்லாமே அவருக்குச் சும்மாதான்.

நான் சந்தவாசல் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவள். எனக்கும் என் கணவருக்கும் மலைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை கிடைத்து இங்கே வந்தபோது, துணை சுகாதார நிலையத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் அவர் இருந்தார். நாங்கள் பக்கத்து வீடு. முதல் நாளே கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்த் தன் சாமி அலமாரியைக் காட்டினார். இயேசு, முருகன், மெக்கா, புத்தர், ஒரு சீக்கிய குரு, இன்னும் யார் யாரோ. எல்லாம் காலண்டரிலிருந்து வெட்டியவை. ஒவ்வொரு படத்துக்கும் கீழே அச்சடித்திருந்த பெயரின்மேல் புண்ணுக்குப் போடும் வெள்ளை பிளாஸ்திரியை ஒட்டியிருந்தார்.

"எதுக்கு நர்சம்மா பிளாஸ்திரி?"

"பேருலதான் காயம் கீது. அதான் கட்டுப் போட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன். அழகாகத்தான் சொல்கிறார் என்று அன்றைக்குத் தோன்றியது. அப்போதே கேட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்குத் தோன்றுகிறது. என்ன கேட்டிருப்பேன் என்று யோசித்தால் அதுவும் தெரியவில்லை.

உலகத்துக்கெல்லாம் ஒரே மதம் வரும், அதற்குக் கோயில் கிடையாது, புத்தகம் கிடையாது, பேர் கிடையாது, ஒளி மட்டும்தான் என்பது அவர் நம்பிக்கை. யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை, அவராகவே உண்டாக்கிக்கொண்டது. தடுப்பூசி நாளில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வரும் தாய்மார்களை வரிசையில் நிற்க வைத்து, "ஒளியே, எங்களைக் காப்பாத்து" என்று மூன்று முறை சொல்ல வைப்பார். சொன்னால்தான் ஊசி. எல்லோரும் சொல்வார்கள். குழந்தைக்கு ஊசி வேண்டுமே. சண்டைகளையெல்லாம் முடிவுக்குக் கொண்டுவரும் மதம் என்று அதைப் பெருமையாகச் சொல்வார். வரிசையில் நின்ற ஒருத்திக்காவது வேண்டாம் என்று சொல்ல இடம் இருந்ததா என்று அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை.

எங்கள் பள்ளியில் சமைக்கும் செல்லியம்மா மலைக்காரி. சாமை விதைப்பவர்கள், நாலு புளியமரம் உண்டு. தன் பேத்திக்குக் காய்ச்சல் வந்தபோது அவர்கள் ஊர்க் காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டு கையில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். நர்சம்மா அழுக்கு என்று அதைக் கத்தரித்துவிட்டு, அழுத பாட்டியைச் சமாதானப்படுத்த ஒரு துண்டு கட்டுத் துணியைக் கிழித்து அதே கையில் கட்டினாராம். "இதுவும் கயிறுதான். எல்லாம் ஒண்ணுதான்."

செல்லியம்மா என்னிடம் வந்து பொருமினாள். "எல்லா சாமியும் ஒண்ணுன்னு இந்தம்மாக்குத் தெரிஞ்சுபோச்சு, சரி. எங்காத்தாளுக்குத் தெரியணுமே டீச்சர்! அவ வந்து எங்கடி என் கயிறுன்னு கேட்டா நான் இன்னாத்த காட்டுவேன், பேண்டேஜையா?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேறு ஒருத்தியின் சாமிக்கு நடந்ததால் சிரிக்க முடிந்தது.

என் முறை பெரிய வெள்ளிக்கிழமை அன்று வந்தது. ஒருசந்தி விரதம் இருந்து, வீட்டில் அடுப்புப் பற்றவைக்காமல், மதியம் மூன்று மணிக்கு நானும் என் கணவரும் முழந்தாளில் இருந்தோம். கதவைத் தள்ளிக்கொண்டு நர்சம்மா வந்தார். கையில் தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல். எந்த மதத்துப் பண்டிகைக்கும் அவர் செய்வது அதுதான்.

"இன்னைக்கு உங்க பண்டிகையாச்சே! ஹேப்பி குட் ஃப்ரைடே!"

"இன்னைக்குத் துக்கம் நர்சம்மா. அவர் செத்த நாள்."

"செத்தா இன்னா, பொறந்தா இன்னா? ஒளிக்கு ஏதும்மா சாவு? சூடு ஆறுறதுக்குள்ள சாப்புடு."

சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் நாக்கு கசக்கிறது. மறுத்தால் மனம் நோவார் என்று பயந்து, கிறிஸ்து இறந்த நேரத்தில் முந்திரிப் பருப்பைப் பொறுக்கிப் பொறுக்கிச் சாப்பிட்டேன். என் நம்பிக்கையே ஒருவர் உண்மையாக ஒரு வெள்ளிக்கிழமை மதியம் செத்தார் என்பதுதான். அவருக்கு ஒரு பெயர் இருந்தது, ஊர் இருந்தது, அழுதுகொண்டு நின்ற அம்மா இருந்தாள். சாகவே முடியாத ஒளியை வைத்துக்கொண்டு சாகப் பயப்படுகிற நான் என்ன செய்வது? இதை அன்று சொல்லியிருக்கலாம். "பொங்கல் நல்லா கீது நர்சம்மா" என்றுதான் சொன்னேன்.

அவர் ஏன் அப்படி ஆனார் என்பதும் எனக்குத் தெரியும். எனக்கு ஐந்தாம் மாதம், ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தபோது அவராகவே சொன்னார். அவருடைய அப்பா வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவரானவர், அம்மா சேராதவர். அப்பா செத்தபோது இரண்டு பக்கத்துச் சொந்தமும் வந்து நின்றுகொண்டது. "சிலுவை வெக்கறதா, விபூதி பூசறதான்னு ஒன்றரை நாள் சண்டைம்மா. எங்கப்பன் வாசல்ல கெடந்தாரு. வெயில் காலம் வேற. எனக்குப் பதினாலு வயசு. விசிறிக்கிட்டே உக்காந்திருந்தேன். அன்னைக்கு முடிவு பண்ணேன், இந்தப் பேருங்கதான் மனுசனை நாற வெக்குதுன்னு." சொல்லும்போது குரல் மாறவில்லை, கையிலிருந்த ரப்பர் பந்தை மட்டும் அழுத்திக்கொண்டே இருந்தார். என் கை வலித்தது. நான் சொல்லவில்லை.

அந்தப் பதினாலு வயதுப் பெண்ணை நினைத்தால் என்னால் கோபப்பட முடிவதில்லை. ஆனால் என் பிள்ளைகளுக்குத் தண்ணீர் ஊற்றியது அந்தப் பெண் இல்லையே. ஐம்பது வயதைத் தாண்டிய, எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு நர்சு.

ஸ்கேனில் இரட்டைப் பிள்ளைகள் என்றதும் எனக்குப் பயம் பிடித்தது. மலை, வளைவுகள், ஏறி வர வேண்டிய ஆம்புலன்ஸ். எங்கள் திருச்சபையில் ஒரு வழி உண்டு. குழந்தை பிழைக்காது என்ற ஆபத்தில் குருவானவர் வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும், கிறிஸ்தவர் அல்லாதவரும்கூட, ஞானஸ்நானம் கொடுக்கலாம். தண்ணீரைத் தலையில் ஊற்ற வேண்டும், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல வேண்டும், திருச்சபை கேட்பதைச் செய்கிறேன் என்ற எண்ணம் வேண்டும். அவ்வளவுதான். வாக்கியத்தை மாற்றக் கூடாது. இரண்டும் பெண்தான் என்று நானாகவே நம்பிப் பெயரும் வைத்திருந்தேன். ஏழாம் மாதம் என் கர்ப்பகாலக் கார்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினேன்: "மரியா, தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்." கீழே மார்த்தாவுக்கும் அதே போல. நர்சம்மாவிடம் காட்டி, அவசரம் என்றால் இதை மட்டும் செய்யுங்கள் என்று கெஞ்சினேன்.

அவர் வாங்கிப் படித்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். "இன்னாத்துக்கு இவ்ளோ பயம்? எல்லாம் ஒண்ணுதாம்மா. நான் பாத்துக்கறேன்."

பாத்துக்கறேன் என்றால் செய்கிறேன் என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

எட்டாம் மாதம், மூன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது வலி வந்தது. பலாப்பழம் ஏற்றிக்கொண்டிருந்த ஜீப்பை நர்சம்மா நிறுத்தி, பழத்தையும் ஆட்களையும் இறக்கிவிட்டு, என்னைப் பின்னால் படுக்க வைத்தார். என் தலையைச் செல்லியம்மா மடியில் வைத்துக்கொண்டாள். என் கணவர் முன்னால் டிரைவர் பக்கத்தில். பாதி மலை இறங்குவதற்குள் மரியா பிறந்தாள். அழவில்லை. உடம்பு நீலமாக இருந்தது. நர்சம்மா அவள் வாயில் வாய் வைத்து ஊதினார், முதுகைத் தடவினார், மறுபடி ஊதினார். அதற்குள் மார்த்தா. அவள் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் போட்டாள். எனக்கு ரத்தம் நிற்கவில்லை. கண் இருட்டிக்கொண்டு வந்தது. "நர்சம்மா, தண்ணி, கார்டு" என்றேன். பாட்டில் மூடியைத் திறந்தார். ஒரு கையால் மரியாவின் நெற்றியில் ஊற்றினார், பிறகு மார்த்தாவுக்கு. உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஜீப் சத்தத்தில் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அப்புறம் எனக்கு நினைவில்லை.

மலை அடிவாரம் வருவதற்குள் மரியா போய்விட்டாள். ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "ஊத்தினீங்களா?"

"ரெண்டு பேருக்கும் ஊத்திட்டேன். நிம்மதியா தூங்கு."

கார்டில் இருந்ததைச் சொன்னீர்களா என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? வெள்ளிக்கிழமைப் பொங்கலை மறுக்காமல் சாப்பிட்டவள் நான்தானே. செல்லியம்மாவின் பேத்தி கையில் கட்டிய துணியைக் கேட்டுச் சிரித்தவளும் நான்தானே.

மரியாவை எங்கள் ஊர்க் கல்லறையில், வெள்ளைத் துணியில், பெயர் எழுதிய சிலுவையோடு புதைத்தோம். மார்த்தாவைக் கோயிலுக்குக் கொண்டுபோனபோது, ஞானஸ்நானம்தான் ஏற்கெனவே ஆகிவிட்டதே என்று ஃபாதர் எண்ணெய் பூசி, வெள்ளை ஆடை போட்டு, மெழுகுவர்த்தி கொடுத்தார். தண்ணீர் ஊற்றவில்லை. பதிவேட்டில் ஞானஸ்நானம் கொடுத்தவர் என்று நர்சம்மாவின் பெயரை எழுதினார்கள். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் மெழுகுவர்த்தி ஏற்றும்போது எனக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அவளுக்குச் செய்ய வேண்டியது செய்யப்பட்டது. கடைசி நாளில் அவளைப் பெயர் சொல்லி எழுப்புவார்கள். கடலில் கலந்த துளியாக இல்லாமல், என் மூக்கும் அவள் அப்பாவின் நெற்றியும் உள்ள மரியாவாக எழுந்து வருவாள்.

போன வருடம் நர்சம்மா ஓய்வு பெற்றார். எங்கள் பள்ளி மைதானத்தில் பிரிவு விழா. பத்து ஊர் ஜனம் வந்திருந்தது. மாலை போட வரிசை. மைக்கைப் பிடித்து அவர் தன் ஒளி மதத்தைப் பற்றிப் பேசினார். பிறகு சொன்னார்:

"ஒரு வேதக்கார அம்மாக்கு ஜீப்புல பிரசவம். குழந்த சாவக் கெடக்குது. அந்தம்மா ஒரு சாமி பேரை எழுதிக் குடுத்து, இதைச் சொல்லித் தண்ணி ஊத்துங்கன்னுச்சு. நான் அந்தப் பேரைச் சொல்லலை. எல்லாருக்கும் பொதுவான ஒளியோட பேரைச் சொல்லி ஊத்துனேன். குழந்த வீல்னு அழுதுச்சு! கடவுளுக்குப் பேரு தேவையில்லைன்னு அன்னைக்குக் கண்ணால பாத்தேன்."

மைதானமே கை தட்டியது. என் பக்கத்தில் என் கணவரும் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். மார்த்தா என் மடியில் மிக்சர் தின்றுகொண்டிருந்தாள்.

அழுத குழந்தையைப் பற்றிச் சொன்னார். அழாத குழந்தையை அந்தக் கதையிலிருந்தே எடுத்துவிட்டார். இரண்டு பிள்ளைகள் அவருக்கு ஒரு பிள்ளையாகிவிட்டது.

கூட்டம் கலைவதற்குள் நான் குவார்ட்டர்ஸுக்குப் போய்விட்டேன். அவர் மாலைகளைக் கழற்றி மூட்டைகளின்மேல் போட்டுக்கொண்டிருந்தார்.

"மேடையில சொன்னீங்களே, அது நானா?"

"நீதாம்மா டீச்சரு. உன் பேரைச் சொல்லலைன்னு கோவமா?"

"கார்டுல எழுதினதை நீங்க சொல்லலையா?"

"எல்லாத்துக்கும் மேல கீற ஒளியைச் சொன்னேன். அதுல உங்க ஏசுவும் கீறாரு, எல்லாரும் கீறாங்க. கொறைச்சா சொன்னேன்? கூடத்தானே சொன்னேன்!"

"நான் கேட்டது அது இல்லையே."

"குழந்த பொழைச்சுச்சா இல்லையா?"

"ஒண்ணு பொழைக்கலையே நர்சம்மா."

அன்றைக்குவரை பெரியவர்களிடம் நான் குரல் உயர்த்தியதே இல்லை. "அன்னைக்கு ஆஸ்பத்திரியில எனக்கு ரத்தம் ஏத்துனாங்க. அந்தப் பையில ஒட்டியிருந்த சீட்டை மூணு தடவை படிச்சீங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொன்னாரு. எல்லா ரத்தமும் செவப்புதானேன்னு ஏன் விடலை?"

"அது மாறுனா ஆளு செத்துடும்மா."

"இது மாறுனா எனக்கு இன்னா ஆவும்னு ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? உங்க அப்பாவை வெச்சு ரெண்டு பக்கமும் இழுத்தாங்கன்னு சொன்னீங்களே. என் புள்ளைய நீங்க கேக்காமயே உங்க பக்கம் இழுத்துக்கிட்டீங்களே!"

அவர் முகம் சுருங்கிப்போனது. அருகில் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கை சூடாக இருந்தது. "சரி, அழுவாத. உன் வார்த்தையையும் சொன்னேன்னு வெச்சுக்கோ."

"சொன்னீங்களா, இல்லையா?"

"சொன்னேன்."

"இப்பதான் சொல்லலைன்னீங்க."

"சொன்னா இன்னா, சொல்லாட்டி இன்னா? உனக்கு எது நிம்மதியோ அதுதாம்மா நெசம்."

அங்கேதான் எனக்குப் புரிந்தது. மேடையில் சொன்னதும் கைதட்டலுக்காக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் சொன்னதும் என்னைத் தூங்க வைப்பதற்காக இருக்கலாம். ஆம் என்பதும் இல்லை என்பதும் ஒன்றாகிவிட்ட ஒருவரிடம் சாட்சி கேட்டு என்ன பயன்? கையை உருவிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த நாள் காலை அவர் மலையை விட்டு இறங்கினார். நான் வழியனுப்பப் போகவில்லை. போயிருக்க வேண்டுமோ என்று அதற்கும் மனம் அடித்துக்கொள்கிறது.

செல்லியம்மாவிடம் கேட்டேன். "உதடு முணுமுணுன்னுச்சு டீச்சர். உங்க சாமி பேரு எனக்கு இன்னாத்தத் தெரியும்? நான் எங்காத்தாளைப் பேர் சொல்லிக் கூப்டுக்கிட்டிருந்தேன். ஒரு ஆடு வெட்டறேன்னு சொன்னேன், வெட்டிட்டேன்." எனக்காக, என்னிடம் சொல்லாமல், தன் சாமியிடம் கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறாள். அவள் காளியை நான் கும்பிடமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். என் சிலுவையை அவள் தொடமாட்டாள் என்று எனக்குத் தெரியும். எங்கள் இருவருக்கும் இதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை.

மார்த்தாவுக்கு இந்த வருடம் புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். ஞானஸ்நானம் இல்லாமல் நற்கருணை வாங்க முடியாது. ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சந்தேகம்னு வந்துட்டா ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. 'நீ ஏற்கெனவே பெறாமல் இருந்தால்'னு நிபந்தனை சொல்லி ஒரு தடவை தண்ணி ஊத்திடலாம். அஞ்சு நிமிஷம்."

"அப்ப மரியா?"

"அவளைக் கடவுளோட இரக்கத்துக்கு விட்டாச்சு. அவர் நம்ம தண்ணிக்கும் வார்த்தைக்கும் கட்டுப்பட்டவர் இல்லையே."

அந்த நிமிடம் எனக்கு நர்சம்மாவின் குரல் கேட்டது. மரியாவுக்காக நான் எந்தக் கடவுளிடம் கெஞ்சுகிறேனோ, அவர் வார்த்தை மாறியதைப் பார்க்காதவராக, பெயர் விட்டுப்போனதைக் கணக்கில் வைக்காதவராக இருக்க வேண்டும். மார்த்தாவைக் கூட்டிக்கொண்டு நான் போய் நிற்கப்போகும் கடவுளோ அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்கிறவர். இருவரும் ஒருவர்தான் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நம்புகிறேன். நம்பிக்கொண்டே ஆத்திரத்தில் எரிகிறேன். ஒரு பாட்டில் தண்ணீரும் பத்துச் சொற்களும் கேட்டேன். அதைக் கொடுத்திருந்தால் நான் இந்த இடத்துக்கு வந்திருக்கவே மாட்டேன்.

என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. "இவளுக்கு ஊத்துனா, அவ ஒண்ணும் இல்லாமப் போனான்னு நாமளே கையெழுத்துப் போட்ட மாதிரி. என்னால அந்தக் கோயில்ல நிக்க முடியாது" என்கிறார். ஃபாதரோ, "மரியாவுக்கு நம்மால முடியாது, மார்த்தாவுக்கு முடியும். முடிஞ்சதைச் செய்யணும் இல்ல?" என்கிறார். இரண்டு பேர் பேசும்போதும் தலையாட்டிவிட்டு வருகிறேன்.

இந்த மாதக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதைப் படிக்கிறவர்களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருப்பீர்கள். திருச்சபையின் சட்டம் தெரிந்தவர்கள் இருப்பீர்கள். எந்தச் சாமியையும் கும்பிடாதவர்களும் இருப்பீர்கள். மார்த்தாவின் தலையில் தண்ணீர் ஊற்றச் சொல்லட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா? ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை. இரண்டுமே சரிதான் என்று மட்டும் தயவுசெய்து யாரும் எழுதிவிடாதீர்கள்.